சின்ன இருபத்தொன்றும் பெரிய இருபத்தொன்றும்

பொம்மையன் தன் மகளுக்குச் சண்முகவள்ளி என்று பெயர் வைத்தபோது தோல்ஷாப்பில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சாக இருந்தது. தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன் பிள்ளைக்கு இவ்வளவு நீளத்தில் பெயர் எதற்கு என்று மேஸ்திரி பொன்னுத்துரை கேட்டார். கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை பஸ் ஏறிப் போய்விடும் என்றார்.

"போகட்டும் மேஸ்திரி. பஸ் ஏறிப் போறதுக்குத்தான பெத்துருக்கேன்" என்றார் பொம்மையன்.

அதற்குப் பிறகும் அவர் மகளை ஒருநாளும் வள்ளி என்று சுருக்கிக் கூப்பிட்டதில்லை. தெருமுனையிலிருந்து கூப்பிட்டாலும் முழுப் பெயர்தான். அவருக்கும் பேச்சாயிக்கும் அந்த ஒரு பிள்ளைதான் தங்கியது.

திண்டுக்கல் பேகம்பூர் ஓரத்தில் இருந்தது அந்தத் தோல்ஷாப்பு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்புப் போட்டு வண்டியில் வந்து இறங்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் கழிந்து, சதை வழித்த பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு வரும். ஏழு தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு தொட்டியில் மூன்று நாள் கிடந்தால் அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்றுகிற வேலை பொம்மையனுடையது. முட்டியளவு பட்டைத்தண்ணீரில் நின்று நின்று அவருடைய கால்கள் முழங்காலுக்கு மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாக இருந்தன. ஆள் குறைந்த நாட்களில் சுண்ணாம்புக் குழிக்கும் போவார். அன்றைக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும் சுரீர் என்று இழுக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் மகள் பார்த்துவிடுவாள். என்னப்பா கையில என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்ல தாயி" என்பார்.

பிள்ளையிடம் வேறென்ன சொல்வது என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தேழாம் வருசம் புரட்டாசியில் சண்முகவள்ளிக்குத் தொண்டைப்புண் வந்தது. ஒன்பது வயது. அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அந்த மாதம் பாதிப் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண். உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததில் நாலு நாளில் போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்த பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். வாத்தியார் முட்டி போடச் சொன்னபோது போடமாட்டேன் என்று அடி வாங்கினாள். பேச்சாயி வெங்காயப் பேட்டையில் வெங்காயம் ஆய்கிற வேலையை முடித்து வந்து குடத்தைக் கொடுத்தால், பாதிக் குடம் மட்டும் கொண்டுவந்தாள். சோம்பேறி ஆகிவிட்டாள் என்று பேச்சாயி ஏசினாள். அதே ஷாப்பில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் காத்தமுத்து, தன் மகன் ராமரும் இப்படித்தான் காலு வலிக்கிறது என்று நடிக்கிறான், வளருகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொம்மையன் ஒன்றைக் கவனித்தார். மகள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்காரச் சொன்னார். பசியில்லை என்றாள். ஏன் தாயி, கால்ல என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா."

சொன்ன சொல் மட்டும் அல்ல, அதை இழுத்த இழுப்பும், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவருடையதே. தன் குரல் மகள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார். பிறகு எழுந்து பாவாடையை விலக்கி முட்டியைத் தொட்டுப் பார்த்தார். வீங்கி, அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது.

மறுநாள் முட்டி வடிந்து முழங்கை வீங்கியது. அதற்கு மறுநாள் மணிக்கட்டு.

"நேத்து அங்க, இன்னிக்கு இங்க. வலி என்ன வாடகை வீடா மாத்துது?" என்றாள் பேச்சாயி. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொம்மையன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்கு மறுபக்கம் இருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவர் மட்டும் எப்படி மெதுவாகப் பேசுவார். தொண்டைப்புண்ணுக்குப் பின்னால் வருகிற காய்ச்சல் இது, மூட்டு வலி தானாகப் போய்விடும், ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் நெஞ்சுக்குள் கதவு மாதிரி இருப்பவை கெட்டுப்போகும், பிறகு ஆயுசுக்கும் மூச்சு வாங்கும் என்றார். தொண்டைப்புண் மறுபடி வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, இருபத்தொரு வயசு வரைக்கும் என்றார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு குழந்தை வீல் என்று அழுதது.

பொம்மையன் காதில் இருபத்தொன்று ஒரு தடவைதான் விழுந்தது.

அன்று ஒரு ஊசி போட்டார்கள். சரியாக இருபத்தோராம் நாள் கூட்டிப்போய் இன்னொரு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார். சொன்னது முடிந்தது. வருகிற வழியில் நாகல் நகரில் நின்று மகளுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். தோல்ஷாப்பில், டாக்டர் சொன்னதை ஒரு நாள் பிசகாமல் செய்து முடித்தேன் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்.

பங்குனியில் காய்ச்சல் திரும்பியது. இந்தத் தடவை மூட்டோடு நிற்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நெஞ்சுக்குள் ஒரு சத்தம் வந்திருக்கிறது, போன தடவை இல்லை என்றார். ஊசி போட ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"நீங்க சொன்ன இருபத்தொண்ண முடிச்சிட்டேனே தாயி" என்றார் பொம்மையன்.

டாக்டரம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் கோபப்பட்டிருந்தால் பொம்மையன் தாங்கியிருப்பார். அவர் கோபப்படவில்லை. மேசையில் இருந்த மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, ஓரத்தில் சின்னதாக 21 என்று எழுதினார். நடுவில் பக்கம் நிறைய இன்னொரு 21 எழுதினார். தோல்கட்டில் போடுகிற எண்கள் பொம்மையனுக்குத் தெரியும்.

"இது சின்ன இருபத்தொண்ணு. நாளு. இது பெரிய இருபத்தொண்ணு. வயசு. பெரியது வர்ற வரைக்கும் சின்னது வந்துகிட்டே இருக்கும். விட்டீங்கன்னா அந்தச் சத்தம் தங்கிரும். விடலைன்னா போனாலும் போகலாம். நான் உறுதி சொல்லமாட்டேன்."

அந்தச் சத்தம் போக வேண்டும். பன்னிரண்டு வருசத்துக்குப் பொம்மையன் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

முதலில் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனி இந்த வீட்டில் யாரும் ஒண்ணுமில்ல என்று சொல்லக்கூடாது. சாயங்காலச் சோற்றுக்கு முன்னால் மூன்று பேரும் அன்றைக்கு உடம்பில் எங்கே என்ன என்று சொல்லிவிட வேண்டும். சொன்னவரை யாரும் ஏசக்கூடாது, கேலி பண்ணக்கூடாது. பேச்சாயிக்கு இது கூத்தாக இருந்தது. பெரிய கலெக்டர் கச்சேரி, மனுப் போடச் சொல்கிறார் என்றாள். முதல் நாள் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பொம்மையன் தன் கையை விரித்துக் காட்டி, நடுவிரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்றிருக்கிறது, எரிகிறது, சோறு பிசையப் பயமாக இருக்கிறது என்றார். தன் வலியை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சண்முகவள்ளி எழுந்துபோய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். அன்றைக்கு அவளே சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். பிறகு, தனக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றாள். மறுநாள் பொம்மையன் வாத்தியாரைப் பார்த்துச் சொல்லி, அவளைக் கீழ் வகுப்பறையில் உட்காரவைத்தார்.

இரண்டாவதாக, ஒரு தோல்வார் வெட்டினார். ஷாப்புக்கு வரும் தோல்கள் பல வியாபாரிகளுடையவை. யாருடையது எது என்று தெரிய ஓரத்தில் குத்தூசியால் ஓட்டை போட்டு அடையாளம் வைப்பார்கள். அந்த வழக்கத்தையே அவர் எடுத்துக்கொண்டார். ஒரு ஊசிக்கு ஓர் ஓட்டை. முதலில் போட்ட இரண்டு ஊசிக்கும் இரண்டு ஓட்டை குத்தினார். பிறகு நாலு விரல்கடை இடம் வெறுமனே விட்டார். அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஓட்டை. அந்த வெற்றிடம் எதற்கு என்று பேச்சாயி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

சின்ன இருபத்தொன்றை நினைவூட்டத் தொட்டிகள் இருந்தன. ஏழு தொட்டி, தொட்டிக்கு மூன்று நாள். ஊசி போட்ட அன்று முதல் தொட்டியில் இறங்கும் தோலில் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அது ஏழாம் தொட்டியிலிருந்து வெளியே வரும் நாள் ஊசி நாள். அன்றைக்கு விடிவதற்கு முன்பே ஷாப்புக்குப் போய்த் தன் பங்குத் தோலைப் புரட்டிவிட்டு, ஊரணியில் சீயக்காய் போட்டு மூன்று தடவை குளித்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மகளோடு கிளம்புவார். எத்தனை குளித்தாலும் தோல் வாடை போகாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள். சண்முகவள்ளி இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள்.

அந்த ஊசி மருந்து வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். போட்டால் இரண்டு நாளைக்கு இடுப்பு கனக்கும். ஊசி ஏறும்போது அப்பாவின் உள்ளங்கையைக் கிள்ளிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பட்டைத்தண்ணீரில் ஊறிக் காய்த்த கை அது.

"வலிச்சுச்சாப்பா?" என்பாள்.

"வலிச்சுச்சு தாயி. உசுரு போயிருச்சு."

"பொய்யி. சட்டம் என்ன?"

"சரி, வலிக்கல."

திரும்பும்போது எந்தத் தெரு வழியாக வருவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். ஒரு நாள் பூ மார்க்கெட் வழியாக, ஒரு நாள் பூட்டுப் பட்டறைகள் வழியாக, காய்ச்சல் இல்லாத நல்ல நாட்களில் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு. கால் நோக நொண்டிக்கொண்டே அவள் பேசிக்கொண்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது முழுவதும் அந்த ஒரு நடையில் அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலு என்பதற்கு மேல் அவருக்குப் பாடம் தெரியாது. ஆனாலும் கேட்டார். நாகல் நகர் வந்ததும் பன்.

மேஸ்திரி பொன்னுத்துரைக்கு இந்த அரைநாள் லீவு எரிச்சலாக இருந்தது.

"ஏலே பொம்மையா, ஆஸ்பத்திரிப் பக்கம் உனக்கு வேற குடும்பம் இருக்காலே? மாசம் தவறாம போயிட்டு வார."

"குடும்பம்தான் மேஸ்திரி. கூட்டிட்டே போறேன், கூட்டிட்டே வாரேன்."

தோல் புரட்டும் வேலையில் ஒரு நாளும் பாக்கி இல்லாததால் மேஸ்திரியால் அதற்கு மேல் பேச முடியவில்லை. பிற்பாடு அவரே, ஏழாம் தொட்டியில் சிவப்பு நூல் வந்துவிட்டது, இன்னும் என்ன நிற்கிறாய் என்று விரட்டத் தொடங்கினார்.

ஆட்கள் நெருக்கிப் படுத்தால் தொண்டைப்புண் சீக்கிரம் ஒட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். லைன் வீடு ஒற்றை அறை. பொம்மையன் மகள் தலைமாட்டுச் சுவரில் நாலு செங்கல்லை எடுத்து ஒரு சன்னல் வைத்தார். வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். காலி பண்ணும்போது நாலு கல்லையும் வைத்துப் பூசித் தருகிறேன் என்று கும்பிட்டார். மகளுக்குத் தொண்டை கரகரத்தாலே அடுத்த காலை ஆஸ்பத்திரியில் நிற்பார். அவரும் பேச்சாயியும் ஒரு பொழுது கூழோடு நிறுத்திக்கொண்ட நாட்கள் உண்டு. பிள்ளைக்கு முட்டை நின்றதில்லை.

அறுபத்திரண்டில் ஒரு தகராறு வந்தது. சண்முகவள்ளிக்கு அப்போது பதின்மூன்று முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாட்காட்டியைப் பார்த்து, ஊசி நாள் நாளைக்கு என்றாள். தோல் இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது, நாளை மறுநாள் என்றார் பொம்மையன். ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்பதில் ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. பேச்சாயி இரண்டு பேரையும் போய் டாக்டரம்மாவையே கேட்கச் சொன்னாள். ஒரு நாள் முந்தி வந்தால் தப்பில்லை, பிந்தினால்தான் தப்பு என்றார் டாக்டரம்மா. மகள் ஜெயித்தாள். அப்பா தோற்ற செய்தியை அப்பாவே தோல்ஷாப்பு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏழு தொட்டிக்குத் தெரியாதது என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்றார்.

அந்த வருசமே அவள் ஓடலாம், குதிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சத்தம் குறைந்திருக்கிறது, இன்னும் போகவில்லை என்றார். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். பொம்மையன் மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். மற்றவர்கள் யார் முந்துகிறார்கள் என்று பார்த்தார்கள். அவர் மகளின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். அவள் நாலாவதாக வந்தாள். மறுநாள் ஷாப்பில் அவர் பெருமை தாங்கவில்லை. நாலாவதுக்கு ஏது பரிசு என்று ஒருவன் சிரித்தான்.

"ஓடி முடிச்சாள்ல" என்றார் பொம்மையன்.

காத்தமுத்து அன்று சிரிக்கவில்லை. அவன் மகன் ராமருக்கும் சின்ன வயதில் முட்டி வீங்கியது. நடிக்கிறான் என்று அடித்துத் தண்ணீர் சுமக்க அனுப்பினான். பிறகு அது தானாகப் போயிற்று, எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த வருசம்தான், பதினைந்து வயதில் தோல்கட்டுத் தூக்க வந்தவன் பத்து எட்டு வைத்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பொம்மையன்தான் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ராமருக்கு உள்ளே கதவு கெட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. இனியாவது மேலும் கெடாமல் இருக்க ஊசி போடச் சொன்னார். காத்தமுத்து வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும் ஒரு வாரு வெட்டிக் குடு அப்பு" என்றான்.

பொம்மையன் வெட்டிக் கொடுத்தார். ராமர் சுமை தூக்குவதை விட்டு, பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சாவி அராவுகிற வேலைக்குப் போனான். நீ அடித்தாய், நான் அடிக்கவில்லை என்று பொம்மையன் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நாலு விரல்கடை வெற்றிடத்தோடு வார் அவர் மடியில்தான் இருந்தது.

சண்முகவள்ளி பதினோராம் வகுப்பு தேறினாள். இரண்டு வருசம் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். அறுபத்தொன்பதாம் வருசம் ஆவணி மாதம் பழனிக்கு அப்பால் கீரனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்கு உத்தரவு வந்தது. பொம்மையன் அந்தக் காகிதத்தை மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பெயரை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பொன்னுத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பி. சண்முகவள்ளி என்று படித்தார். முழுசாகப் படித்து முடிக்கும்வரை பிள்ளை பஸ் ஏறவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் உடம்பைச் சோதித்துத் தகுதிச் சான்று வாங்கிக் கொடுத்தால்தான் வேலை.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. முன்னால் பெரிய நோய் ஏதும் உண்டா என்று அங்கே கேட்பார்கள் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நெஞ்சுக் கோளாறு என்று சொன்னால் சான்று தரமாட்டார்கள் என்று காத்தமுத்து கேள்விப்பட்டிருந்தான். தர்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போய் இரண்டு வருசம் ஆகிவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஊசி போட்டார்களே தவிர, சத்தம் போயிற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவில்லை.

பேச்சாயி மகளைப் பார்த்து, "பன்னெண்டு வருசம் மெய் சொன்னது போதும்த்தா. ஒரு நாளு பொய் சொல்லு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வா" என்றாள்.

சண்முகவள்ளி அப்பாவைப் பார்த்தாள். பொம்மையன் சட்டத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. சுவரில் தான் வைத்த சன்னலைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம் தாயி" என்றார். பொய் சொல்லிவிட்டு வரட்டும் என்றுதான் அந்த நேரம் அவர் மனசு சொன்னது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு அரைக்கதவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் கதவுக்குக் கீழே உள்ளே இருப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பொம்மையன் மகளின் செருப்பையும் டாக்டரின் கருப்பு பூட்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வயதானவர், குரல் கரகரப்பு. வயது, உயரம், கண் எல்லாம் முடிந்து அந்தக் கேள்வி வந்தது.

மகளின் செருப்பு அசையவில்லை.

"இருந்துச்சுங்கய்யா" என்றாள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தத்தையும் சொன்னாள்.

பொம்மையனுக்கு வேலை போய்விட்டது என்று தோன்றியது. அதே நேரத்தில் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி வந்தன என்று அவருக்கு விளங்கவில்லை.

உள்ளே பேச்சு நின்றது. பூட்ஸ் அருகே வந்தது. மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள், பழுப்பு பூட்ஸ் ஒன்று வந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் ஏறி ஏறி இறங்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மகளின் கால்கள் ஏறின, இறங்கின. பொம்மையன் எண்ணினார். இருபத்தாறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. பூட்ஸ்கள் மறுபடி நெருங்கின. பிறகு ஊசி ஒழுங்காகப் போட்டதற்குச் சீட்டு ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்பது கேட்டது.

"பழைய சீட்டையெல்லாம் கரையான் தின்னுருச்சுங்கய்யா. எங்கப்பாகிட்ட ஒண்ணு இருக்கு."

பொம்மையன் உள்ளே போய் மடியிலிருந்து வாரை எடுத்து மேசைமேல் விரித்தார். மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்த நீள வார். டாக்டர் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓர் ஓட்டைக்கு ஓர் ஊசி என்று சண்முகவள்ளி சொன்னதும் எடுத்து, விரலால் தடவிக்கொண்டே எண்ணினார். இருநூற்று ஏழு. பிறகு வாரின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து அங்கே விரலை நிறுத்தினார்.

"இங்க ஏன் காலியா இருக்கு?"

ஒண்ணுமில்லீங்கய்யா என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். தோல் கிழிசல், ஓட்டை போட முடியவில்லை என்றாலும் நம்பிவிடுவார். மகள் அவரைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் பண்ணுன தப்புங்கய்யா" என்றார் பொம்மையன். "இருபத்தொண்ணு ரெண்டு சொன்னாக. எனக்கு ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. அஞ்சு மாசம் ஊசி போடாம விட்டுட்டேன். அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. பிள்ளை மேல தப்பில்ல."

டாக்டர் வாரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். எழுந்து நின்று கொடுத்தார்.

"நானும் கேட்டேன், அவரும் கேட்டாரு. ஸ்டூல்ல ஏறவிட்டும் கேட்டுட்டோம்" என்றார். "சத்தம் இல்ல. உங்க பொண்ணு நெஞ்சுல ஒண்ணுமில்ல."

பொம்மையன் சட்டென்று மகளைப் பார்த்தார். அவளும் அப்போதுதான் திரும்பினாள். பன்னிரண்டு வருசமாக அந்த வீட்டில் நுழையாத சொல். சண்முகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் எந்தத் தெரு வழியாகப் போவது என்று பொம்மையன் கேட்டார். மலைக்கோட்டையைச் சுற்றி என்றாள். பாதி வழியில் அவருக்கு மூச்சு இரைத்தது. நின்றார். என்னப்பா என்றாள். முட்டிக்குக் கீழே விண்விண் என்று தெறிக்கிறது, தொட்டித்தண்ணீரில் நின்ற கால் என்று உள்ளதைச் சொன்னார். ஒரு கல்லில் உட்காரவைத்து, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். கீழே பஸ் ஒன்று பழனி ரோட்டைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. பேச்சாயி வாசலில் நின்றுகொண்டிருப்பாள், போகலாம் என்றார்.

எழுந்து நடக்கும்போது அவர் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐப்பசி வந்தால் சண்முகவள்ளிக்கு இருபத்தொன்று முடியும். அதற்குள் இன்னும் மூன்று ஓட்டை. கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேருவதைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள்.

"திங்கக்கிழமை சேந்துக்க தாயி" என்றார் பொம்மையன். "ஆனா வியாழக்கெழம லீவு சொல்லிரு. ஊசி நாளு."